நனையாத பின்னல்

முதலில் கவனித்தது நானல்ல. லைவ் பார்த்துக்கொண்டிருந்த யாரோ ஒரு பெண்.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் எனக்கு வேலை. கடைக்கு வருகிறவர்களுக்குச் சேலை பிரித்துப் போடுகிற வேலை அல்ல. மாலையில் மேல்மாடியில் விளக்குகளைப் போட்டு, கேமராவுக்கு முன் நின்று, ஒவ்வொரு சேலையாகத் தோளில் போட்டுக் காட்டி, தமிழிலும் ஆங்கிலத்திலும் கொஞ்சம் தெலுங்கிலும் பேசி விற்கிற வேலை. முன்பக்கம் காட்டியதும் திரும்பி நின்று முதுகையும் காட்ட வேண்டும். முந்தானை எப்படி விழுகிறது என்பது அப்போதுதான் தெரியும். அந்த முந்தானையின்மேல் என் பின்னல் இடுப்புக்குக் கீழே வரை தொங்கும். கடையின் விளம்பரப் பலகையில் என் முகம் இல்லை. பின்னல் இருக்கிறது.

அன்று லைவ் முடிந்து விளக்குகளை அணைத்ததும், கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்து கமெண்ட் படிக்கிற பெண் போனை என்னிடம் நீட்டினாள். என்னைவிடச் சின்னவள். வருகிற கேள்விகளைச் சத்தமாகப் படிப்பதுதான் அவளுடைய வேலை. இதை மட்டும் படிக்காமல் விட்டிருந்தாள்.

"இத்த பாருக்கா. நான் சொல்லல, அவங்க போட்டிருக்காங்க."

சேலை அழகு, அந்தப் பெண்ணின் முடிக்கு என்ன ஆச்சு, அடியில் தேங்காய் நார் மாதிரி இருக்கிறதே என்று எழுதியிருந்தது. அதன் கீழே பலர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள்.

பின்னலை முன்னால் இழுத்துப் பார்த்தேன். பாதிக்குக் கீழே கறுப்பு இல்லை, செம்பட்டை. நுனி இரண்டாகவும் மூன்றாகவும் பிளந்து, விரலில் சொரசொரத்தது.

"லைட்டு அப்டி காட்டுதுடி."

"லைட்ட அணச்சாச்சுக்கா."

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். அவருக்கும் யாரோ அனுப்பியிருந்தார்கள். "இன்னாமா இது, எலி கடிச்ச மாதிரி. அந்த நீச்சல் குளத்துக்குப் போறத மொதல்ல நிறுத்து" என்றார்.

"அது என் சொந்த நேரம் சார்."

"நேரம் உன்னுதுதான்மா. பின்னல் கடையோடது." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். "ஆவணி பொறந்தா முகூர்த்தம். மொத லைவுக்குள்ள முடி பழையபடி ஆவணும். இல்லனா இவள நிக்க வெச்சிட்டு உன்ன பில்லு போட அனுப்பிடுவேன். கோச்சிக்காத." இவள் என்று அவர் காட்டியது கமெண்ட் படிக்கிற பெண்ணை. அவள் தரையைப் பார்த்தாள். அவளுக்கும் நீளமான பின்னல்தான். எண்ணெய் போட்ட, நன்றாக நடந்துகொள்கிற பின்னல்.

பில் போடுவது கேவலமான வேலை ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். என் அம்மாவுக்குப் பேருந்தின் பலகையைப் படிக்க வராது. அப்பா கையெழுத்து மட்டும் போடுவார். அவர் ஒரு சாயப்பட்டறையில் வேலை செய்கிறார். நான் லைவில் நிற்கிற நேரத்தில் சாயம் ஏறிய கையில் போனைப் பிடித்துக்கொண்டு, சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னைப் பார்ப்பார். ஆங்கிலத்தில் நான் பேசுவது அவருக்குப் புரியாது. ஆனால் சேலையைப் பிரித்ததும், "இது நம்ம தொட்டியில சாயம் ஏறுனது" என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குக் காட்டுவாராம். அந்த இடத்தை நான் யாருக்கும் கொடுக்கத் தயாராக இல்லை.

நீச்சலையும் கொடுக்கத் தயாராக இல்லை. கல்லூரியில் படித்தபோது ஒரு மழைக்காலத்தில் வகுப்பே சேர்ந்து தென்னேரிக்குப் போனோம். ஏரி நிரம்பிக் கிடந்தது. மற்றவர்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி விளையாடினார்கள். நான் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறியதும் ஒருத்தியின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன். "வேதியியல் முதல் மாணவி தண்ணியில கரைஞ்சிடுவாளோ" என்று அவள் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்ல வேண்டிய எந்த விஷயமும் அதற்குப் பிறகு என்னை நிம்மதியாக இருக்க விட்டதில்லை. சம்பளம் வாங்கத் தொடங்கியதும் நீச்சல் பழகச் சேர்ந்தேன்.

குளம் ஐயம்பேட்டை போகிற சாலையில் இருக்கிறது. தனியார் ஒருவர் கட்டியது. கூரை கிடையாது. காலையில் போட்டிக்குப் பழகும் பையன்கள், மாலையில் ஆண்கள், விடுமுறையில் குடும்பங்கள். யாருக்கும் வேண்டாத நடுப்பகல் பன்னிரண்டு மணியைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். கால் வைத்தால் தரை சுடும். தண்ணீருக்கு மேலே பிளீச்சிங் பவுடர் வாசனை வெயிலில் நின்றுகொண்டிருக்கும். என் வேலை இரண்டு மணிக்குமேல் தொடங்குவதால் எனக்கு அந்த நேரம் தோதாக இருந்தது. தோதாக இருந்தது என்று சொல்லிக்கொண்டேன். எரிச்சலும் இருந்தது.

முதல் நாளே பயிற்சியாளர் என்னை நிறுத்தினார். மாவட்ட அளவில் நீந்திய பெண். முடியைக் காதோடு வெட்டியிருந்தார்.

"தலைய நல்லா நனச்சிக்கினு வாமா. ஷவர் அங்க இருக்குது."

"வேணாம் மேடம். நனச்சாதான் குளோரின் ஏறும். காஞ்ச முடியில ஏறாது."

"யாரு சொன்னது?"

"நான் கெமிஸ்ட்ரி படிச்சிருக்கேன். எங்கப்பா சாயப்பட்டறை."

"ரெண்டும் சேந்துட்டா நான் இன்னா பேசறது?" என்று சிரித்தார். "ஒடம்ப கழுவிக்கினு எறங்கு. தல உன் இஷ்டம்."

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பட்டறையில் சின்ன வயதிலிருந்து பார்த்தது அது. காய்ந்த பட்டு நூலை யாரும் சாயத்தொட்டியில் இறக்குவதில்லை. முதலில் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, கோலில் மாட்டி, அதன் பிறகுதான் கொதிக்கிற சாயத்தில் முக்குவார்கள். நனையாத நூலை இறக்கக் கூடாது என்பது அங்கே குழந்தைகளுக்கும் தெரியும். பட்டும் முடியும் ஏறக்குறைய ஒரே சாதிப் பொருள் என்பதைக் கல்லூரியில் படித்திருந்தேன். இரண்டையும் சேர்த்து நானே ஒரு முடிவுக்கு வந்தேன்: நனைத்த நூல்தான் சாயத்தைக் குடிக்கும் என்றால், முடியை நனைக்காமல் விட்டால் குளோரினைக் குடிக்காது. சாயக்காரர் வீட்டுப் பெண்ணைத் தவிர வேறு யாரும் இப்படி யோசித்திருக்க முடியாது என்று அப்போது பெருமையாகவே நினைத்தேன்.

அதனால் ஷவர் பக்கமே போகவில்லை. அம்மா தன் பங்குக்குக் காலையிலேயே தேங்காய் எண்ணெயைத் தலையில் ஊற்றி அனுப்புவாள். நான் இறங்கிய இடத்தில் தண்ணீர் மினுமினுக்கும். "குளத்துல வட சுடப் போறியா?" என்று பயிற்சியாளர் கேட்டார். அதன் பிறகு எண்ணெயையும் நிறுத்தினேன். பின்னலைச் சுருட்டிக் கொண்டையாக்கி அதன்மேல் நீச்சல் தொப்பியை மாட்டுவேன். பூசணிக்காய்மேல் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். பாதி தூரம் போவதற்குள் வழுக்கும். உள்ளே புகுந்த தண்ணீர் கடைசி வரைக்கும் அங்கேயே தங்கும். வெளியே வந்ததும் அவசரமாகத் தலைமேல் ஒரு குவளை ஊற்றிக்கொண்டு, ஷேர் ஆட்டோவின் ஓரத்தில் உட்கார்ந்து முடியை விரித்து வெயிலில் போடுவேன். கடை வருவதற்குள் மொரமொரவென்று காய்ந்துவிடும். அதையும் சாமர்த்தியம் என்றுதான் நினைத்திருந்தேன்.

முதலாளி பேசிய பிறகு எனக்கு எந்த இடத்திலும் உட்கார முடியவில்லை. சாப்பிடும்போதும் இடது கை பின்னலின் நுனியைத் தேடிப் போகும். தயிர் போட்டேன், வெந்தயம் அரைத்துப் போட்டேன், செம்பருத்தி இலை போட்டேன். முட்டையும் போட்டேன், அந்த நாற்றத்தில் கமெண்ட் படிக்கிற பெண் ஜன்னலைத் திறந்து வைத்தாள். போட்ட அன்று முடி பளபளக்கும். மறுநாள் குளத்திலிருந்து வந்தால் பழையபடி நார். சீப்பில் வருவதை எண்ணக் கூடாது என்று பார்க்காமலே உருட்டி எறிவேன். மொட்டைமாடிக்கு ஏறுவேன், இறங்குவேன்.

"ஏன்டி இப்டி கூண்டுல போட்ட பூன மாதிரி சுத்திக்கினு கீற?" என்றாள் அம்மா. "தண்ணிய வுட்டுட்டா முடிஞ்சுது. பொம்பள புள்ள நீச்சல் அடிச்சு இன்னா, கப்பலா ஓட்டப் போற?"

"லைவ்ல நிக்கறதுக்கும் இதத்தான் சொன்ன."

"அதுல சம்பளம் வருதுடி."

முதலாளி இன்னொரு வழி சொன்னார். பார்லருக்குப் போய்க் கறுப்புச் சாயம் போட்டுக்கொள்ளச் சொன்னார், செலவைக் கடை பார்த்துக்கொள்ளும் என்றார். யோசிக்கிறேன் என்றேன். உண்மையிலேயே யோசித்தேன். ஆடி பாதி போயிருந்தது.

அந்த வாரத்தில் ஒரு நாள், அம்மா கூழ் ஊற்றுகிற இடத்துக்கு உதவிக்குப் போய்விட்டதால், அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோக வேண்டி வந்தது. பட்டறைக்குள் போய்ப் பல மாதங்கள் ஆகியிருந்தன. தகரக் கூரையின் கீழே ஆவி. அப்பாவும் அவருடைய கூட்டாளியும் தொட்டியின் இரண்டு பக்கத்திலும் நின்று கோல்களைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். அரக்கு நிறம். ஒரு கோலைத் தூக்கியதும் அப்பாவின் முகம் மாறியது. எல்லா நூலும் இளஞ்சிவப்பிலிருந்து மெதுவாக ஏறிக்கொண்டிருக்க, அந்த ஒரு நூல் சிட்டத்தில் மட்டும் ஓர் இடம் திட்டாக, ஏறக்குறைய கறுப்பாக இருந்தது.

"கட்டு போட்ட எடம் நனையவே இல்ல" என்றார் கூட்டாளியிடம். "காஞ்ச நூலாவே எறங்கியிருக்குது."

சாப்பாட்டுக் கூடையைக் கீழே வைக்காமல் அந்தத் திட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். நனைந்த நூலெல்லாம் ஏற்கெனவே வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, சாயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டிருந்தது. நனையாத இடம்தான் தொட்டியில் பட்டதும் வெறியாய் இழுத்திருந்தது. நூலை நனைப்பது சாயம் ஏற வேண்டும் என்பதற்காக அல்ல, ஒரேயடியாக ஏறிவிடக் கூடாது என்பதற்காக. இத்தனை வருடம் பார்த்ததைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறேன். அதோடு நிற்கவில்லை. பக்கத்து மூங்கில்களில் நேற்றுச் சாயம் போட்ட நூல் தொங்கிக்கொண்டிருந்தது. கூரைக்குக் கீழே, நிழலில். பட்டு நூலை வெயிலில் காயப்போட்டு இந்த ஊரில் யாரையும் நான் பார்த்ததில்லை.

"இன்னாம்மா பாக்கற?" என்றார் அப்பா.

"இந்தத் திட்ட இன்னா பண்ணுவீங்கப்பா?"

"இன்னா பண்றது, மொத்தத்தையும் கறுப்புல போட்டு எடுக்கணும். திட்டு மறைஞ்சிடும்." கோலைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "இன்னா கொழம்பு?"

வத்தக்குழம்பு என்று சொல்லிவிட்டு நடந்தேன். பேருந்தில் ஏறவில்லை. நடந்துகொண்டே இருந்தேன். கறுப்பில் போட்டால் திட்டு மறையும். என் முடிக்கு அது போதாது, அடியில் பிளந்து போயிருப்பது நிறம் மட்டும் அல்ல. கறுப்புச் சாயத்தோடு பன்னிரண்டு மணிக் குளத்தில் இறங்கினால் அதுவும் நிற்காது.

மறுநாள் யாரும் சொல்லாமலே ஷவரின் கீழே போய் நின்றேன். தலை முழுவதும் நல்ல தண்ணீர் இறங்கும்வரை நின்றேன். பயிற்சியாளர் பார்த்தார். கேலி செய்வார் என்று தாடையை இறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் தன் பையிலிருந்து கண்டிஷனரை எடுத்து, உள்ளங்கையில் கொஞ்சமாகப் பிதுக்கி, "நுனிக்கு மட்டும் தடவு. எண்ண வேணாம்" என்றார். பிறகு தொப்பியை என் தலையில் மாட்டிவிட முயன்றார். அது மூன்று முறையும் வழுக்கிக்கொண்டு வந்தது.

"பின்னலா தொப்பியானு நீயே முடிவு பண்ணிக்கமா. என் தொழில் நீச்சல் சொல்லித் தர்றதோட முடிஞ்சுது."

வெளியே வந்து நல்ல தண்ணீரில் முடியை முழுக்க அலசி, துண்டில் சுற்றி, ஆட்டோவில் நடுவில் உட்கார்ந்தேன். அன்றே முடிவு செய்துவிட்டேன். கெட்ட பகுதி முழுவதையும் வெட்டிவிடுவது. தோளோடு.

அம்மாவிடம் சொன்னபோது கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தெளிவாகப் பேசினாள்.

"திருத்தணிக்குப் போயி பூமுடி குடுத்துடலாம்."

எங்கள் பக்கத்தில் வேண்டிக்கொண்ட பெண்கள் மொட்டை போடாமல் நுனியில் கொஞ்சம் மட்டும் வெட்டிக் கொடுப்பார்கள். அதுதான் பூமுடி.

"அது மூணு விரக்கடதானம்மா. நான் முழங்கை நீளத்துக்கு வெட்டப் போறேன்."

"சாமிக்குக் கொஞ்சம், மிச்சம் பார்லர்ல. யாரு அளக்கப் போறாங்க? வேண்டுதல்னு சொல்லிப் பாரு, தெருவுல ஒருத்தரு வாயத் தொறக்க மாட்டாங்க. உன் மொதலாளி கையெடுத்துக் கும்புடுவாரு."

அவள் சொன்னது அத்தனையும் நடக்கும் என்று தெரிந்ததால்தான் எனக்குக் கோபம் வந்தது. நீந்துவதால் கெட்ட முடியை, நீந்துவதற்காகவே வெட்டுகிறேன். அதற்கு முருகனை ஏன் சாட்சிக்கு இழுக்க வேண்டும்? நான் எதற்கும் வேண்டிக்கொள்ளவில்லை. படித்தேன், வேலை வாங்கினேன், மிதக்கக் கற்றுக்கொண்டேன். "பார்லர் மட்டும்" என்றேன். அம்மா கூடவே வந்தாள். கத்தரி வைத்ததும் இடுப்பிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்து, விழுந்ததில் நல்லதாக ஒரு கொத்தைப் பொறுக்கி முடிந்துகொண்டாள். "இது என் வேண்டுதல். நீ இன்னா கேக்கறது?" என்றாள்.

ஆவணியின் முதல் லைவுக்குச் சீக்கிரமே போனேன். தலை லேசாக இருந்தது, அந்த லேசு பிடிக்கவில்லை, கை போய்ப் போய் இல்லாத பின்னலைத் தேடியது. படியேறி வந்த முதலாளி பாதியில் நின்றுவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "திருத்தணியாம்மா?" என்றார்.

தலையை ஆட்டினால் போதும். "இல்ல சார். குளத்துல கெட்டுப்போச்சு, வெட்டிட்டேன். இனிமே கெடாது" என்றேன்.

அவர் கமெண்ட் படிக்கிற பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். அவள் எழுந்து நின்றாள். "சார், எனக்கு இங்கிலீஷ் படிக்கத்தான் தெரியும், பேச வராது சார். யாருனா எதுனா கேட்டா சிரிச்சிக்கினே நிப்பேன். பரவால்லயா?"

முகூர்த்த மாதத்தின் முதல் லைவ். விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. முதலாளி நெற்றியைத் தேய்த்தார். "சரி, நீயே நில்லு. யாரு கேட்டாலும் வேண்டுதல்னு சொல்லிடு. வேற எதுவும் பேசாத. மீதிய அப்பறம் பாத்துக்கறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கதவோரம் போய் நின்றுகொண்டார்.

மூன்றாவது சேலையிலேயே கேள்வி வந்தது. போனைப் பார்த்த பெண் என் முகத்தைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். படிக்கட்டுமா என்று கண்ணால் கேட்டாள். நான் தலையசைத்தேன்.

"அக்கா, உங்க நீளப் பின்னல் இன்னா ஆச்சுன்னு கேக்கறாங்க. வேண்டுதலான்னு கேக்கறாங்க."

எனக்கு உள்ளங்கை வியர்த்தது. கையில் அரக்குச் சேலை. கறை படும் என்று மடிப்பை விட்டேன்.

"இல்லைங்க. நான் நீச்சல் பழகறேன். தலைய நனைக்காம எறங்கி முடிய கெடுத்துக்கினேன். அதான் வெட்டிட்டேன்" என்றேன். அதையே ஆங்கிலத்திலும் சொன்னேன். கதவுப் பக்கம் பார்க்கவில்லை. சேலையைத் தோளில் போட்டுத் திரும்பி நின்றேன். முதுகில் காற்றுப் பட்டது.

"அக்கா, அப்டியே நில்லுங்க" என்றாள் அவள். "பிளவுஸ் முதுகு வேலைப்பாடு இப்பதான் தெரியுதாம். அத்த கிட்ட காட்டச் சொல்றாங்க. இன்னொருத்தங்க, எங்க பொண்ணும் நீச்சல் போறா, தலைக்கு இன்னா போடறீங்கனு கேக்கறாங்க."

"பிளவுஸ மொதல்ல காட்டு" என்றது கதவோரத்துக் குரல்.

லைவ் முடிந்ததும் முதலாளி என்னைக் கூப்பிடவில்லை. கீழே இறங்கும்போது கல்லாவிலிருந்து தலையைத் தூக்காமலே, "நாளைக்கு அந்தத் தண்ணி கதைய கொறச்சிட்டு சேலைய பேசு. ரெண்டு மணிக்கு வந்துடு" என்றார். சரி சார் என்றேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஒரு பின்னலுக்காக ஒரு மாதம் பயந்துகொண்டு திரிந்தேனே என்ற எரிச்சல்தான் தெரு முனை வரைக்கும் கூட வந்தது.

வீட்டில் அப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். "அரக்கு கேமராவுல கறுப்பா தெரியுதும்மா. லைட்ட கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லு" என்றார். முடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மாதான் தட்டை வைத்துக்கொண்டே, "சாமி பேர சொல்லியிருந்தா எவ்ளோ மரியாதையா இருந்திருக்கும்" என்றாள்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு ஷவரின் கீழே நின்றேன். நல்ல தண்ணீர் கழுத்தில் இறங்கி, முடி கனமாகும்வரை நின்றேன். நுனிக்குக் கொஞ்சம் கண்டிஷனர் தடவி, தொப்பியை மாட்டினேன். முதல் தடவையாக அது காது வரைக்கும் இறங்கிக் கச்சிதமாக உட்கார்ந்தது. பயிற்சியாளர் எதிர்க்கரையில் ஆழமான பக்கம் நின்று, வா என்று கையைக் காட்டினார். அங்கே எனக்குக் கால் எட்டாது. தரை சுட்டது. நிற்க முடியாமல் இறங்கினேன்.